டொல்பின் வேனின் எஞ்சினுக்கு இன்னும் எத்தனை காலம்?

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு, அசருக்குப் பிறகு, எங்கள் வேன் சாரதியின் வீட்டுத் திண்ணையில் பதினொரு பேர் கூடியிருந்தோம். ஆசிரியர்கள் எட்டுப் பேர், பெற்றோர் இரண்டு பேர், சாரதிக் காக்கா. மூதூரிலிருந்து தோப்பூர், சேருநுவர தாண்டி இலங்கைத்துறைப் பக்கம் வரைக்கும் நாங்கள் தினமும் போய்வருவது அவருடைய டொல்பின் வேனில்தான். பின்னேரம் அதே வேன் ரியூஷன் பிள்ளைகளை ஏற்றும். அடுத்த வருஷமும் இந்த வேனா, இல்லை வேறு வாகனமா என்பதுதான் கதை.

"இந்த எஞ்சினை மிஞ்ச இன்னொன்று பிறக்கவில்லை சேர்" என்றார் ஒரு பெற்றோர். "கிழடு. விற்றுவிட்டுக் கேடிஎச் ஒன்று பாருங்கள்" என்றார் எங்களில் இளையவர். மஃரிப் பாங்கு சொல்லும் வரை இந்த இரண்டு வசனமும் மாறி மாறி வந்ததே தவிர, எஞ்சினைப் பற்றி எவரும் பேசவில்லை. ஒருவர் பாசத்தைப் பேசினார், மற்றவர் வயதைப் பேசினார். அன்று சொல்ல விட்டதை இங்கே எழுதுகிறோம். நம் மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, குச்சவெளி எங்கும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சுமந்து ஓடுவது பெரும்பாலும் இந்த வேன்கள்தான். ஆகவே இது எங்கள் திண்ணையோடு முடிகிற விஷயம் இல்லை.

டொல்பின் என்று நாம் கூப்பிடுவது டொயோட்டா ஹயேஸின் நான்காம் தலைமுறை. 1989இல் ஜப்பானில் வந்தது. 2004இல் அங்கே அடுத்த தலைமுறை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அதாவது நம் தெருவில் நிற்கும் மிக இளைய டொல்பினுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. எஞ்சின் அதைவிட மூத்தது. டொயோட்டாவின் 'எல்' குடும்பம் 1977இல் 2.2 லீற்றராகத் தொடங்கியது. பிறகு 2446 சீசீயில் 2எல், 2779 சீசீயில் 3எல், 2986 சீசீயில் 5எல் என்று வளர்ந்தது. எங்கள் வேனில் இருப்பது 3எல். அளவு மாறினாலும் அடிப்படை வரைபடம் அதேதான். நான்கு சிலிண்டர், மேலே ஒற்றைக் கேம், அதைச் சுழற்ற ஒரு ரப்பர் டைமிங் பெல்ட், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத ஒரு டீசல் பம்ப்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு டீசல் எஞ்சின் பாதி விளங்கிவிடும். அதில் தீப்பொறி கொடுக்கப் ப்ளக் இல்லை. காற்றை ஏறக்குறைய 22 மடங்கு நெருக்கினால் அது தானே கொதிக்கிறது, அந்தக் கொதிப்பில் டீசல் விழுந்ததும் பற்றுகிறது. இந்த எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனின் தலையில் விழுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறையில் விழுந்து, அங்கே சுழன்று எரியத் தொடங்கி, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருக்கின்றன. டீசலைத் தூளாக்கும் வேலையில் பாதியைச் சுழலும் காற்றே செய்வதால் நொசிலுக்கு 150 பார் அளவு அழுத்தமே போதும். கேடிஎச் வேனின் காமன் ரெயிலில் அது 1300 பாருக்கு மேல். அழுத்தம் குறைவு என்றால் துவாரம் பெரிது, தூசி தண்ணீரைப் பொறுக்கும். தீமை என்னவென்றால், அந்தச் சின்ன அறையின் சுவர் வழியே வெப்பம் வீணாகிறது. ஒரே வேலைக்கு, நேரடியாகப் பாய்ச்சும் எஞ்சினைவிட நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு டீசல் கூடக் குடிக்கும்.

வெறும் பொறியியலாகப் பார்த்தால் இந்த வடிவமைப்பு காலாவதியானதுதான். அதை ஒப்புக்கொள்ளாமல் 'பழசுதான் தங்கம்' என்று பேசுவதில் பிரயோசனம் இல்லை.

ஆனால் எஞ்சின் வெறும் பொறியியலில் ஓடுவதில்லையே. அது ஒரு ஊரில் ஓடுகிறது. அது பழுதாகும்போது எப்படிப் பழுதாகிறது, யார் திருத்துகிறார்கள், எத்தனை நாளில் திருத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் 3எல் இன்னும் நிற்கிறது. அது திடீரென்று சாவது அபூர்வம். காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும், புகையின் நிறம் மாறும், தண்ணீர் குறையும், சத்தம் போடும். மாதக்கணக்காக நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திருத்துவதற்கு மூதூரிலேயே பாஸ்மார் இருக்கிறார்கள். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். ஸ்பெனர், காது, மூக்கு போதும். கேடிஎச்சுக்கு நொசில் போனால் ஸ்கேனர் வேண்டும், நொசிலின் விலைக்கு எங்களில் ஒருவரின் சம்பளம் போதாது, அழுக்கு டீசல் ஒரு டேங்க் அடித்தாலே ஆபத்து. அதை ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இழுவையையும் டீசல் சிக்கனத்தையும் புகழ்வார்கள், நொசில் என்றதும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

திடீரென்று சாவது அபூர்வம் என்றோம். அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நாங்கள் அனுபவித்தோம்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, தோப்பூர் தாண்டி வயல்வெளி நடுவில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எஞ்சின் நின்றது. ஒரு 'டக்', பிறகு அமைதி. காக்கா மறுபடி சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலகுவாகச் சுற்றியது. எங்களுக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. பெல்ட் அறுந்தால் கேம் நிற்கிறது, பிஸ்டன் நிற்பதில்லை. திறந்தபடி நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் போய் அடிக்கிறது. ஹெட் கழற்றி, வால்வுகள் மாற்றி, வேன் திரும்பி வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் பஸ்ஸுக்கு நின்று முதலாம் பாடவேளையைத் தவறவிட்ட கணக்கை நாங்கள் மறக்கவில்லை. காக்கா மகளின் நகையை அடகு வைத்ததையும் மறக்கவில்லை.

டொயோட்டா இந்தப் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. அதை ஞாபகப்படுத்த டாஷ்போர்ட்டில் ஒரு விளக்கும் வைத்திருக்கிறது. எங்கள் வேனின் மீற்றரிலோ காக்கா வாங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் தொண்ணூறாயிரம்கூட ஆகவில்லை. பிறகு எப்படி அறுந்தது? வாங்கும்போது 'பெல்ட் புதுசு' என்று விற்றவர் சொன்னதை நம்பியதால் அறுந்தது. இந்த நாட்டில் பழைய வாகனத்தின் மீற்றரை எத்தனை பேர் பின்னுக்குச் சுற்றியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மீற்றரே பொய் என்றால், 100,000 என்ற கணக்குக்கு எங்கே பொருள்? விளக்கு எரியவில்லை என்பதற்கும் பொருள் இல்லை. ஆக, எஞ்சினின் இந்த ஒரு பலவீனம் நாற்பது வருஷத்துக்கு முன் வரைந்தவரின் பிழை அல்ல. அவர் ஒரு நேர்மையான கணக்குப் புத்தகத்தை எதிர்பார்த்து வரைந்தார். நம்மிடம் அது இல்லை.

இன்னொரு பழுது 2022இல் இருந்து வருகிறது. அந்த ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்டில் 340 ரூபாவாக ஏற்றும் வரைக்கும் அந்த விலைதான். வரிசையில் இரண்டு நாள் நின்றவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. கலந்தார்கள். எங்கள் வேனிலும் கலந்தது, எங்களுக்குத் தெரிந்தே கலந்தது. எஞ்சின் ஓடியது. 'எதையும் குடிக்கும்' என்று பெருமைப்பட்டோம். ஆனால் இந்தப் பம்புக்குத் தனியாக ஓயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலின் வழுவழுப்புத்தான் அதற்கு ஓயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. உள்ளே இரும்போடு இரும்பு உரசித் தேய்கிறது. அந்தக் கடனை வேன் இரண்டு வருஷம் கழித்து வசூலித்தது. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுத்தது, பம்ப் ஒழுகியது. கேடிஎச் ஆக இருந்திருந்தால் அந்த ஜூலையிலேயே படுத்திருக்கக்கூடும். பழைய எஞ்சின் தாங்கியது என்பது உண்மை. சேதமில்லாமல் தாங்கியது என்பது பொய்.

வீதியும் மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும், 2011இல் ஏ15 வீதியின் மற்றப் பாலங்கள் திறக்கும் வரைக்கும், மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றால் ஒன்றில் கடலால் லோஞ்ச், இல்லையென்றால் துறைக்குத் துறை படகுப் பாதை. குண்டும் குழியுமான வீதியில் இரண்டாம் மூன்றாம் கியரில் உருண்ட காலம். அந்த வேகத்துக்கு 90 குதிரைவலு தாராளம். இப்போது கார்பட் வீதி. பதினைந்து பேர், ஏசி, கூரைமேல் சாமான், மணிக்கு 90 கிலோமீற்றர். எஞ்சின் கத்துகிறது, தண்ணீர் கொதிக்கிறது. முன்பு மோசமான வீதி அதைக் காப்பாற்றியது. நல்ல வீதி அதன் எல்லையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த எல்லை எங்கே என்பதற்கு இதே குடும்பத்தில் சாட்சி உண்டு. 2எல் எஞ்சினுக்கு டர்போ பூட்டி 2எல்-டி என்று ஹைலக்ஸ் சர்ஃபிலும் க்ரவுணிலும் போட்டார்கள். அவற்றில் ஹெட் வெடிப்பது உலகம் முழுக்கப் பேர்போன கதை. டர்போ இல்லாத சகோதரன் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறான். கேட்ட வேலையைக் கேட்ட அளவில் செய்தான், கூடக் கேட்டபோது மற்றவன் உடைந்தான். வகுப்பில் நாமும் பார்க்கிறதுதானே.

இனி, அன்று திண்ணையில் ஒருவரும் வாய் திறக்காத விஷயம். புகை.

கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நொசில் சொட்டலாம், சுமை கூடியிருக்கலாம். நீலப் புகை என்றால் ஓயில் எரிகிறது, ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஒரு பாடவேளையில் படிப்பித்துவிடலாம். படிப்பித்துவிட்டு, பாடசாலை விடும் நேரம் வாசலில் வரிசையாக எஞ்சின் ஓடியபடி நிற்கும் வேன்களின் பின்னால், புகைக்குழாயின் உயரத்துக்கு முகம் இருக்கும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே வகுப்பில்தான். முட்டு இழுக்கும் பிள்ளைக்குப் புற்றுநோய் வரை போகவும் வேண்டாம், அன்றைய இரவே போதும்.

'வருஷா வருஷம் புகைப் பரிசோதனை பாஸ் ஆகிறதே' என்பீர்கள். 2008 கடைசியில் தொடங்கிய இந்தப் பரிசோதனை இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பது சரி. எப்படிப் பாஸ் ஆகிறோம் என்பதைச் சொல்கிறோம், ஏனென்றால் நாங்களும் உடந்தை. பரிசோதனைக்கு முதல் நாள் புது வடிகட்டி. பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைக் கொஞ்சம் பின்னுக்கு. சான்றிதழ் கையில் வந்ததும் திருகாணி பழைய இடத்துக்கு. ஏன் திரும்ப முன்னுக்குத் திருப்பினார் காக்கா? "வண்டி இழுக்குதில்லை, முதல் மணி அடிச்சிரும்" என்று நச்சரித்தது யார்? நாங்கள்தான். அறிவியல் படிப்பிக்கிறவர்கள்தான்.

டில்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வாகனம் ஓடக்கூடாது என்று 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைப்போல இங்கும் வயதுக்குக் கத்தி வைக்க வேண்டும் என்பவர்களோடு நாங்கள் இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்து, திறந்த கதவில் இவ்வளவு வரியையும் வைத்திருக்கும் நாட்டில், வயதை வைத்து வேனை நிறுத்தினால் நிற்கப்போவது வேன் மட்டும் அல்ல. காக்காவின் அடுப்பும் நிற்கும், தூரத்துப் பாடசாலைகளின் முதலாம் பாடவேளையும் நிற்கும். அதோடு, ஒழுங்காகப் பார்த்த முப்பது வயது எஞ்சின், பாராமுகமாக விட்ட பத்து வயது எஞ்சினைவிடச் சுத்தமாக ஓடலாம். வயது எதையும் நிரூபிக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆனால் அளக்காமலே 'ஓடுகிறதுதானே' என்று இருப்பதையும் இந்த மாவட்டம் அறியும். 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அது எஞ்சின் கதை இல்லை, வேன் கதையும் இல்லை. அன்று மையித்து வீடுகளில் நின்றவர்களுக்கு மட்டும் ஒன்று விளங்கும். முந்திய நாள் வரைக்கும் அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே எங்கள் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. 3எல் என்ற வடிவமைப்பு இந்த மண்ணுக்கு இன்னும் தகுதியானது. மணிக்கு அறுபது, எழுபதுக்குள், இருக்கைக்கு ஒருவராக, சுத்தமான டீசலில், பெல்ட்டின் திகதி தெரிந்து ஓட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும். அதை விற்றுக் கடனில் கேடிஎச் வாங்கி, முதல் நொசில் போகும்போது காக்காவைத் தெருவில் விடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் எங்கள் வேனில் இருக்கும் அந்த ஒரு குறிப்பிட்ட எஞ்சின் தகுதியானதா என்பது வேறு கேள்வி. அதற்கு எங்களிடம் இன்று பதில் இல்லை. ஒரு பெல்ட் அறுப்பு, ஒரு கோடை மண்ணெண்ணெய், எத்தனையோ கொதிப்பு கண்ட எஞ்சின் அது. முன்மோதலில் சாரதியின் கால்களுக்கு முன்னால் தகரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது வேறு கதை, அதை எந்த எஞ்சின் மாற்றமும் தீர்க்காது. மெதுவாகப் போவதுதான் ஒரே வழி.

போன வெள்ளி மறுபடி கூடினோம். இந்தமுறை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. வரும் சனிக்கிழமை எட்டுப் பேரும் காசு போட்டு நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கிறோம். டொயோட்டா கைநூல்படி நல்ல எஞ்சினுக்கு 32 வர வேண்டும், 20க்குக் கீழே போகக்கூடாது, ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. எல்லைக்குள் நின்றால் நொசில் நான்கும் கழற்றிச் சோதித்து, பம்பின் திருகாணியைப் புகை வராத இடத்தில் வைத்துப் பூட்டுப் போடுகிறோம். பெல்ட் மாற்றிய திகதியைச் சாரதி சீட்டுக்கு மேலே பெயின்ட்டால் எழுதுகிறோம். எல்லைக்குள் நிற்காவிட்டால் எஞ்சின் இறக்கி ஓவர்ஹோல். அது முடியும் வரை ரியூஷன் பிள்ளைகளை இந்த வேனில் ஏற்றுவதில்லை. இதைக் காக்காவே சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. அந்த மாதங்களுக்கு எங்கள் வேன் காசை முற்பணமாகக் கொடுக்க ஒத்துக்கொண்டோம். காலையில் இருபது நிமிஷம் முந்திப் புறப்படவும் ஒத்துக்கொண்டோம். இரண்டாவதுதான் கஷ்டம்.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு எண்களையும் இங்கேயே போடுகிறோம், நல்லதோ கெட்டதோ. உங்கள் பிள்ளை போகும் வேனின் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரிந்தவர்கள் திகதியைக் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் தெரியாது என்றே எழுதுங்கள்.